பரீட்சைத் துணைநூலைப் பரீட்சிப்பது எப்படி?



பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு டில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் குடியேறியிருக்கும் நம்மவரில், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் பட்டப் படிப்புக்குப் படிப்போர் பலர். குமாஸ்தாவாக இருப்பவருக்கு மேற்பதவி பெறப் பட்டம் வேண்டியிருக்கிறது. மணமாகி வெளிமாநிலம் வந்த பெண்மணி பாதியில் நின்ற படிப்பை முடிக்க விரும்புகிறார். இவர்களுக்கு வகுப்பறை இல்லை. ஐயம் தோன்றினால் கேட்பதற்கு அருகில் ஆசிரியரும் இல்லை. கையிலிருக்கும் நூலே ஆசிரியர். அந்நூல் தவறாகச் சொன்னால் தவறியது எது என்பதுகூடத் தெரியாமல் ஓர் ஆண்டு வீணாகிவிடும். ஆகையால், கிரெடிட் எனப்படும் மதிப்பலகுக்குரிய தேர்வுகளுக்கென்று விற்கப்படும் துணைநூல்களுள் எவற்றை நம்பலாம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மதிப்பலகு என்பது உழைப்பின் அளவு. 1985ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு மதிப்பலகுக்கு முப்பது மணி நேரப் படிப்பு என்று கணக்கிடுகிறது. அப்படியானால் ஆறு மதிப்பலகு கொண்ட ஒரு பாடத்துக்கு 180 மணி நேரம் ஆகும். "ஏழே நாளில் முழுப் பாடமும்" என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் நூலைக் கண்டால் ஒன்றை நினைவிற் கொள்ளலாம்: ஒரு வாரத்துக்கு உள்ள மணி நேரம், உறங்கும் நேரத்தையும் சேர்த்து, 168தான்.

கடைக்குப் போகுமுன் விலையின்றிக் கிடைப்பது எது என்று பார்ப்பது முறை. மேற்சொன்ன பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் 'ஈ-ஞான்கோஷ்' என்ற அதன் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களையும் அதன் இணையதளத்திலேயே பெறலாம். 2017இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கேட்கக் கட்டணம் இல்லை. கல்லூரி மாணவர் அத்தளத்தின் வழியே பெறக்கூடிய மதிப்பலகுகளுக்கு 2016இல் 20 விழுக்காடு என்று வரையறுத்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அவ்வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தியது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் 'என்.பி.டெல்.' விரிவுரைகளும் இத்தளத்தில் உண்டு. டில்லி நயி சடக்கிலோ, கொல்கத்தா காலேஜ் தெருவிலோ, பெங்களூரு அவென்யூ சாலையிலோ வாங்கும் கைடு பெரும்பாலும் இவற்றின் சுருக்கமே. சுருக்கம் என்பதனாலேயே அது தாழ்ந்தது என்று சொல்ல மாட்டோம். ஒவ்வொரு விடைக்கும் கீழே பாடநூலின் எந்தத் தொகுதி, எந்த அலகு என்று குறிக்கும் கைடுகளும் இருக்கின்றன. அவை நம்மைச் சரிபார்க்க அழைக்கின்றன. மூலத்தைச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்லும் நூலிடந்தான் விழிப்பு வேண்டும்.

அடுத்தது காலம். அட்டையிலுள்ள ஆண்டை நம்பிப் பயனில்லை. பழைய பக்கங்களுக்குப் புது அட்டை போடுவது பதிப்பாளர்க்கு எளிது. உள்ளே புகுந்து, அண்மையில் மாறியதென்று நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேட வேண்டும். சட்டப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை கூறும் 302ஆம் பிரிவு இன்று 103. ஊரெல்லாம் பழமொழிபோல் வழங்கும் 420 இன்று 318. புத்தம் புதிய அட்டையுடைய நூல், மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் 302 என்றே கூறுமானால், மற்றப் பக்கங்களும் அதே வயதினவாகவே இருக்கும். பொருளாதார நூலில் திட்டக் குழு இன்றும் இயங்குவதாக எழுதியிருந்தாலும் அப்படியே. அதன் இடத்தில் 2015இலேயே நிதி ஆயோக் வந்துவிட்டது. இத்தகைய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

பின்னர் விடைகளைச் சோதிக்க வேண்டும். நமக்கு நன்றாகத் தெரிந்த அதிகாரத்தில் ஐந்து வினாக்களைப் பொறுக்கி, நூலின் விடையோடு ஒப்பிடலாம். கணக்காயின் நாமே போட்டுப் பார்ப்பது நலம். இரண்டு கைடுகளில் ஒரே விடை இருப்பது இரண்டு சாட்சியம் ஆகாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருந்தால் பிழையும் சேர்ந்தே பெயர்ந்திருக்கும். இந்நாளில் கணினியே எழுதித் தரும் குறிப்புகளும் கைக்குக் கை பரவுகின்றன. அவற்றின் நடையில் தயக்கமே இராது. ஆனால் இல்லாத நூலையும் இருப்பதுபோல் மேற்கோள் காட்டுவது அவற்றின் இயல்பு. சொல்லப்பட்ட நூல் உண்மையில் உண்டா என்று தேடிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

வாராந்தரப் பயிற்சிகளுக்கு விடை விற்போரைப் பற்றியும் ஒரு சொல். என்.பி.டெல்.லின் பெரும்பாலான பாடங்களில் பயிற்சிகளுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என மதிப்பெண் பகுக்கப்பட்டுள்ளது. சான்றிதழ் பெற 25க்கு 10, 75க்கு 30 ஆகிய இரண்டையும் தனித்தனியே எட்டியாக வேண்டும். விலைக்கு வாங்கிய விடைகளால் ஒருவர் 25க்கு 25 பெற்றார் என்றே வைத்துக்கொள்வோம். தேர்வில் 29 வாங்கினால் மொத்தம் 54. ஆயினும் சான்றிதழ் இல்லை. அவ்விடைகள் சரியானவையாகவே இருந்தாலும் கதி இதுதான். பலவேளைகளில் அவை சென்ற பருவத்தின் வினாக்களுக்குரியவையாக இருந்துவிடுவதும் உண்டு.

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டிய நம்மவர்க்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. பௌதிகத்தில் ஸ்பீடு வேறு, வெலாசிட்டி வேறு; நண்பர் எழுதிக் கொடுத்த தமிழ்க் குறிப்பில் இரண்டும் 'வேகம்' என்றிருந்தால் விடை தடம் புரளும். பின்னதைத் திசைவேகம் என்று பிரித்துச் சொல்லும் குறிப்பே பயன்படும். பொருளாதாரத்தில் 'தேவை' என்ற சொல் டிமாண்டையும் குறிக்கும், நீடையும் குறிக்கும். தமிழ்க் குறிப்பை வைத்துப் படிப்போர், கலைச்சொல்லின் அருகே பாடநூலின் மூலச் சொல்லையும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பருவ இறுதித் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. வாங்க எண்ணும் கைடை முந்திய ஆண்டு எழுதியவரிடம் ஓரிரவு இரவல் பெறலாம். கடைசி இரண்டு பருவங்களின் வினாத்தாள்களை அதனருகே வைத்துக்கொண்டு, எத்தனை வினாக்களுக்கு அந்நூலைக் கொண்டு முழு விடை எழுத முடிகிறது, எத்தனைக்குப் பாடநூலைத் திறக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வரலாம். பாதிக்கு மேல் பாடநூலே தேவைப்பட்டால், கைடை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒதுக்கிய பணத்தைப் பாடநூலை அச்செடுத்துத் தைத்துக்கொள்ளச் செலவிடலாம்.