கொச்சியில் அச்சான தமிழ் நூலும் ஒரு சனிக்கிழமைக் கூலியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



‘கிறிஸ்தவ வேதமும் அன்றாட வாழ்வும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பல சமயத்தாரும் கூடியுள்ள இவ்வவையில் மதப் பிரசாரம் செய்வது என் நோக்கமன்று. நம் கொச்சியில் பிறந்த ஒரு தமிழ் நூலைப் பற்றியும், என் சொந்தக் குறை ஒன்றைப் பற்றியும் பேசவே வந்துள்ளேன்.

மட்டாஞ்சேரிக் கிறிஸ்தவ வரலாறு என்றால் 1653-ஆம் ஆண்டின் கூனன் குரிசுச் சத்தியத்தையே எவரும் முதலிற் சொல்வர். அது திருச்சபையை யார் ஆள்வது என்பது பற்றிய போராட்டம். அதற்கு எழுபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, மனிதன் தன்னைத் தான் ஆள்வது பற்றிய ஒரு தமிழ் நூல் கொச்சியில் அச்சேறிற்று என்பதை நம்மவருள்ளும் சிலரே அறிவர்.

போர்ச்சுகல் நாட்டினரான அன்றிக் அடிகளார் 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, அவர்கள் வாய்மொழியிலேயே தமிழ் பயின்றவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. மறு ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. 1580-இல் அதே கொச்சியில் வெளிவந்ததுதான் ‘கொம்பெசியொனாயரு’. பெயர் கரடுமுரடாக இருப்பினும் பொருள் எளிது. பாவசங்கீர்த்தனம் செய்பவன் தன் மனத்தைச் சோதித்துக்கொள்ள உதவும் கைந்நூல் அது.

வேதாகமத்தின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகி முடிந்தது 1715-இல். ஆகவே அக்காலக் கடற்கரைத் தமிழன் வேதத்தைக் கையில் எடுத்துப் படித்தவன் அல்லன். பத்துக் கற்பனைகளை முன்வைத்து, ‘இதில் நீ எப்படி?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் முறையில்தான் வேதபோதனை அவனிடம் வந்தது. இன்று அலமாரியில் மூன்று வேதாகமங்களை அடுக்கி வைத்திருக்கும் நம்மிடம் அந்தக் கேள்வி வருவதுண்டா என்பது ஐயமே.

அன்பர்களே, வேதாகமத்தில் உபாகமம் என்றோர் ஆகமம் உண்டு. அதன் இருபத்துநான்காம் அதிகாரத்தை வணிகர் மிகுந்த இவ்வூரில் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும். ஒருவனுடைய திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்கிறது அது; கல் போனால் அவன் வீட்டில் மாவு ஏது, உணவு ஏது? கடன் கொடுத்தவன் அடகுப் பொருளுக்காகக் கடனாளியின் வீட்டினுள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும். ஏழை தன் போர்வையை அடகு வைத்திருந்தால், அவன் போர்த்துறங்கும் பொருட்டு அந்தி சாயுமுன் அதைத் திருப்பித் தரவேண்டும். கூலியாளின் கூலியையோ, அன்றைய சூரியன் மறையுமுன் கொடுத்துவிடவேண்டும். அதை நம்பியே அவன் உயிர் வாழ்கிறான் என்று காரணமும் கூறப்படுகிறது. வானுலகைப் பற்றிய பேச்சே இங்கில்லை. கல், போர்வை, வாசற்படி, அந்திநேரம், இவைதாம்!

இனி என் கதை. 1983-இல் இவ்வூரில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதி வந்தேன். சுக்கும் மிளகும் புடைத்துச் சலிக்கும் பெண்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். சனிக்கிழமைதோறும் முதலாளி கூலிப்பணத்தை என்னிடம் கொடுத்துவிடுவார். நேரமாகிவிட்டால் நான் பேரேட்டை மூடிவிட்டு, “திங்களன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் சங்கரன்கோவில் பக்கத்து அம்மையார் ஒருவர், நான் அக்கா என்று அழைத்தவர், “பிள்ளைக்குக் காய்ச்சல், தம்பி” என்று வந்து நின்றார். நானோ சினிமாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். திங்களன்று கூலியை எண்ணிக் கொடுத்தபோது அவரே சொன்னார்: “பித்தளைக் குடத்தை அடகு வைத்துவிட்டேன், தம்பி. போகட்டும், தண்ணீருக்கு மண்பானை போதும்.” வட்டி ஏறிற்று, குடம் மீளவேயில்லை.

என் பேரேட்டில் ஒரு காசும் தவறவில்லை. ஞாயிறுதோறும் கோவிலுக்குத் தவறாமல் சென்றேன். களவு செய்யாதே என்னும் கற்பனை என்னைத் தீண்டாது என்றே எண்ணியிருந்தேன். எட்டாண்டுகள் கழிந்தபின் அந்த அதிகாரம் கண்ணிற் பட்டது. அது விதித்த தவணை சூரியன் மறையும் நேரம்; நான் விதித்தது திங்கட்கிழமை.

குருவானவரிடம் சென்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “குடத்தை வாங்கிக் கொடுத்தாயா?” என்று கேட்டார். மனம் வருந்தினால் போதாது, பிறர்க்குச் செய்த நட்டத்தை ஈடு செய்யவேண்டும் என்பது திருச்சபையின் பழைய விதி. லூக்காவின் சுவிசேஷத்தில் வரும் சகேயு என்னும் ஆயக்காரன் இயேசுவின் முன் எழுந்துநின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். வரி தண்டியவன் அல்லவா, மனந்திரும்பும்போதும் கணக்கோடு திரும்பினான்! நான் குடத்தை வாங்கிக்கொண்டு போனபோது அக்காள் குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. சங்கரன்கோவிலுக்கும் இருமுறை சென்று விசாரித்தேன், கண்டுபிடிக்க இயலவில்லை.

அந்தக் குடம் இன்றும் என் வீட்டிலிருக்கிறது. என் மனைவி அதை ஆண்டுக்கொருமுறை புளியிட்டுத் துலக்கி வைப்பாள். அதில் தண்ணீர் எடுப்பதில்லை. இவ்வவையில் அப்பக்கத்துக் குடும்பங்கள் பல உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்குச் சுக்குப் புடைத்த அந்த அம்மையாரையோ, அன்று காய்ச்சலிற் கிடந்த அப்பிள்ளையையோ அறிந்தவர் எவரேனும் இருப்பின், விழா முடிந்தபின் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊராயினும் நானே எடுத்துச் செல்வேன்.