மைக் கட்டின ஆட்டோவும் நம்ம வெப்சைட்டும்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். இந்தத் தலைப்பில் பேச முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். "காசை விட்டது நீதானே, நீயே பேசு" என்று எங்கள் ஊக்குநர் அக்கா சொல்லிவிட்டார்கள். அதனால் வந்து நிற்கிறேன்.

எங்கள் குழு கருப்பட்டி விற்கிற குழு. வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பி, கூகுள் விளம்பரமும் போட்டால்தான் ஆர்டர் வரும் என்றார். வைகாசி மாசம், ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று 20 நாள் போட்டோம். 4,000 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 720. மொத்தம் 4,720. வந்தது 9 ஆர்டர், 14 கிலோ. கிலோவுக்கு எங்களுக்கு 70 ரூபாய் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, 980 ரூபாய். வாரக் கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது என் கை நடுங்கினது. அது பனை ஏறுகிறவர் வீட்டுப் பெண்கள் போட்ட சேமிப்புப் பணம்.

எங்கே தப்பு என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். கூகுளில் தேடினால் சில முடிவுகளுக்கு மேலே "ஸ்பான்சர்டு" என்று இருக்கும். அது காசு கொடுத்து வருவது. ஒருத்தர் தேடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு ஏலம் நடக்கிறது. அதிகம் கேட்டவருக்கே இடம் என்றும் இல்லை, விளம்பரமும் பக்கமும் தேடினதுக்குப் பொருத்தமா என்றும் பார்க்கிறார்கள். நம்ம விளம்பரத்தைத் தொட்டால்தான் காசு போகும். ஆனால் தொட்டவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போகும். 200 போட்டிருந்தும் ஒரு நாள் 380 எடுத்திருந்தது, எனக்குப் பகீர்னு ஆச்சு. ஒரு நாளில் இரண்டு மடங்கு வரைக்கும் எடுப்பார்களாம், மாசக் கணக்கில் சரி பண்ணிவிடுவார்களாம்.

என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. அதை யாரும் எனக்குக் காட்டவில்லை. திறந்து பார்த்தால் "கருப்பட்டி காபி போடுவது எப்படி", "கருப்பட்டி மிட்டாய் செய்முறை". காபி போடத் தெரியாதவர்களுக்கு நாங்கள் காசு கட்டியிருக்கிறோம்! இந்த வார்த்தைகளுக்கு விளம்பரம் வேண்டாம் என்று தள்ளி வைக்க வழி இருக்கிறது. அதைச் செய்திருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

விளம்பரம் என்பது மைக் கட்டின ஆட்டோ மாதிரி. வாடகை தீர்ந்தால் சத்தம் நின்றுவிடும். இன்னொன்று, காசு இல்லாமல் தேடலில் தானாக மேலே வருவது. எஸ்இஓ என்று சொல்வார்கள். விளம்பரத்துக்குக் காசு கட்டினால் இதில் சலுகை கிடைக்கும் என்று நினைக்காதீங்க, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் பக்கத்தின் தலைப்பில் "முகப்பு" என்று மட்டும் இருந்தது. விலை, முகவரி எல்லாம் ஒரு போஸ்டர் படத்துக்குள்ளே. ஆடி மாசம் அதை மாற்ற ஆரம்பித்தோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, விடிலியில் பதநீர் காய்ச்சுவது, சிரட்டையில் ஊற்றி எடுப்பது, சீனி கலக்கவில்லை என்பது, ஓலைக்கொட்டானில் எப்படி அனுப்புவோம் என்பது எல்லாவற்றையும் எழுத்தாகவே எழுதினோம். சென்னைக்காரர்கள் பனைவெல்லம் என்று தேடுவார்கள், நாம கருப்பட்டி என்போம். இரண்டையும் சேர்த்தோம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தோம், அதுக்குக் காசே இல்லை.

"உடன்குடி கருப்பட்டின்னு போட்டா நிறைய பேர் வருவாங்க" என்று அந்தத் தம்பி சொன்னார். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாங்கள் இராமநாதபுரம் பக்கம். அந்தப் பெயரைப் போட மனசு வரவில்லை. எங்கள் ஊர்ப் பெயரையே போட்டோம்.

மாசிதான் அந்த வழியில் முதல் போன் வந்தது. ஏழு மாசம்! நடுவில் ஒருவர் 15,000 கொடுத்தால் ஒரே மாசத்தில் முதல் இடம் நிச்சயம் என்றார். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. போனை வைத்துவிட்டேன். இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு ஆர்டர் தானாக வருகிறது.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன கார்த்திகைக்குக் கொழுக்கட்டை சமயத்தில், வேண்டாத வார்த்தைகளைத் தள்ளிவிட்டு, 10 நாள் மட்டும் 150 வீதம் போட்டோம். ஜிஎஸ்டியோடு 1,770. வந்தது 41 கிலோ, அதில் நின்றது 2,870. செலவு போக 1,100 ரூபாய் கைக்கு வந்தது. ஏழு மாசம் காத்திருக்க முடியாத சமயத்துக்கு அது சரிதான். ஆனால் பக்கத்தைச் சரி பண்ணாமல் ஆளைக் கூட்டி வந்தால், பூட்டின கடைக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒன்று மட்டும் கட்டாயம் கேளுங்க. வெப்சைட் பெயரும் விளம்பரக் கணக்கும் யார் மெயிலில் இருக்கிறது? எங்களுடையது அந்தத் தம்பி மெயிலில் இருந்தது. திருப்பி வாங்க இரண்டு மாசம் அலைந்தோம். இப்போது குழுவின் மெயில், பாஸ்வேர்டு சீட்டு பணப்பெட்டிக்குள்ளே, சாவி மூன்று பேரிடம். உங்கள் குழுவில் வெப்சைட் இருந்தால் இன்றைக்குச் சாயங்காலமே கேட்டுவிடுங்க. தேடின வார்த்தைப் பட்டியலை எப்படித் திறப்பது என்று தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாங்க, என் போனிலேயே காட்டுகிறேன்.