கடைசி விண்ணோடம்



2011 ஜூலை 21 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்ணோடம் புளோரிடாவில் தரையிறங்கிற்று. லேக் மார்க்கெட்டில் நம்மில் பலர் அன்றிரவு தொலைக்காட்சியில் அதைக் கண்டோம். 1981-இல் தொடங்கிய விண்ணோடப் பயணங்களில் அது 135-ஆவது, கடைசியும் அதுவே.

வழக்கமாக ஆறேழு பேர் செல்லும் ஓடத்தில் நால்வரே சென்றிருந்தனர். ஏனெனில், அது பழுதுற்றால் மீட்க வேறோர் ஓடம் இல்லை. ருஷ்யரின் சோயுஸ் கலத்தில் ஒருவர் பின் ஒருவராகவே திரும்பியிருக்க வேண்டும். உதவி வண்டி அனுப்ப இயலாத பாதையில் வண்டி விடுவது எத்தகையதென்பதை ரயில்வேக்காரர் அறிவோம். 2003-இல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரைக் கொலம்பியாவோடு பறிகொடுத்தவர்களின் முன்னெச்சரிக்கை அது.

பின்னர் ஒன்பதாண்டுகள், சந்திரனில் கால் வைத்த நாட்டினர் ருஷ்யரிடம் ‘டிக்கட்’ வாங்கியே விண்வெளி சென்றனர்! 2020 மே மாதத்தில் அவர்களது சொந்தக் கலம் மீண்டும் மனிதரோடு கிளம்பியது. அதன் தலைவர் டக் ஹர்லி. அட்லாண்டிஸின் கடைசிப் பயணத்தில் விமானியாயிருந்தவர்.