அருங்காட்சியகத்தில் நிற்கும் அருகர்



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களைவிட்டு வந்த நம் இளைஞர்கள் இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் கொரிய, சப்பானிய, செருமானிய நிறுவனங்களின் ஆலைகளில் பணிபுரிகின்றனர். நாள்தோறும் பன்னாட்டுப் பொறிகளோடு பழகும் அவர்கள், விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் காண வேண்டிய இடம் எழும்பூர் அரசு அருங்காட்சியகம்.

1851இல் தோன்றிய அந்நிலையத்தில் அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், உரோமானியக் காசுகளும் உள்ளன. 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் திரட்டிய கற்கருவிகளும் அங்கே உள்ளன. வண்டலூர் வழியே நகருக்குச் செல்வோர் அப்பல்லாவரத்தைக் கடந்தே செல்கின்றனர்.

அங்கே சமணச் சிற்பங்களும் உள்ளன. அவற்றைப் புத்தர் என்று எண்ணிக் கடந்து செல்வோர் உண்டு. நம் பிள்ளைகளும் அவ்வாறு கடந்து செல்லலாமா? ஆடையின்மையையும் முக்குடையையும் காட்டுங்கள். பாம்பின் படம் குடையாகக் கவிந்திருந்தால் பார்சுவநாதர் என்றும், இலாஞ்சனம் காளையாயின் ஆதிநாதர், சிங்கமாயின் மகாவீரர் என்றும் சொல்லுங்கள்.

“இவருக்கு அபிடேகம் யார் செய்வார்?” என்று குழந்தை கேட்கக்கூடும். அக்கேள்விக்கு எளிய விடையில்லை. வழிபாடு இழந்த திருமேனி அங்கே அழிவின்றிக் காக்கப்படுகிறது என்பது உண்மை. அதனைக் காக்க வேண்டிய ஊர் எங்கோ காக்கத் தவறியது என்பதும் உண்மையாகலாம்.

கோயிலும் ஊரும் பிரியாத இடத்தைக் காண விரும்பினால், காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் செல்லுங்கள். இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபமும், தீர்த்தங்கரர் வரலாறு கூறும் ஓவியங்களும் அங்குள்ளன. அக்கோயில்களைப் பற்றி டி. என். இராமச்சந்திரன் எழுதிய ஆய்வு நூலைச் சென்னை அருங்காட்சியகமே 1934இல் வெளியிட்டது. கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோகாமல், அது நிற்குமிடத்திலேயே அதன் வரலாற்றை எழுதிவைத்த நற்செயல் அது.

அச்செயலை நாமும் தொடரலாம். அடுத்த முறை சொந்த ஊர் செல்லும்போது, வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள திருமேனிகளைப் படமெடுங்கள். அளவையும் இடத்தையும், முதியோர் கூறும் செய்தியையும் குறித்து வையுங்கள். ஆலையில் ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டுப் பதிவுசெய்யும் கைகளுக்கு இப்பணி அரிதன்று. அடுத்த தலைமுறை தன் அருகனை அருங்காட்சியகத்தில் மட்டுமன்றி, ஊரிலும் காணட்டும்.

வாழ்க அறம்.