மரக்கலம் தந்த பெயர்



பினாங்கு, கெடா பக்கம் உள்ளவர்களுக்கு 'மெரிக்கன்' என்ற பெயர் புதிதல்ல. வீட்டில் மலாய் மட்டுமே பேசும் பிள்ளைகளின் அடையாளக் கார்டிலும் அதைப் பார்க்கலாம். 'அமெரிக்கன்' என்பதில் முதல் எழுத்து விட்டுப்போனதோ என்று கேலி செய்வோரும் உண்டு. ஆனால் அது நம்முடைய கடற்கரைச் சொல். மரக்காயர் என்பதே மரைக்காயர், மரிக்கார், மரிக்கான், மெரிக்கன் என்று ஊருக்கு ஊர் உருமாறியது.

மரக்காயர் என்றால் என்ன பொருள்? இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். 'மரக்கலராயர்', அதாவது மரக்கலங்களுக்கு உரியவர் என்பது ஒன்று. கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எந்த வழியில் போனாலும் நாம் போய்ச் சேருவது கப்பலில்தான். ராவுத்தர் என்பது குதிரையோடு தொடர்புடைய பெயர் என்பதைப் போல, மரக்காயர் என்பது கடலோடு தொடர்புடைய தொழிற்பெயர்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை ஆகிய துறைமுக ஊர்களில் இப்பெயர் வேரூன்றியது. உமறுப்புலவரை ஆதரித்த 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். கேரளத்தில் கோழிக்கோட்டு சாமூத்திரி மன்னரின் கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். அவர்களில் நான்காமவரைப் போர்ச்சுகீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய் 1600ஆம் ஆண்டில் கொன்றார்கள். கிழக்கிலங்கையில் பள்ளிவாசல் நிர்வாகப் பொறுப்பாளருக்கே மரைக்காயர் என்று பெயர். கர்நாடகக் கரையில் மொகவீரர் எனப்படும் இந்து மீனவச் சமூகத்தாரையும் 'மரக்கலர்' என்று அழைப்பதுண்டு. ஆக, இந்தச் சொல் மதத்தைப் பார்த்து வந்ததல்ல. தொழிலைப் பார்த்து வந்தது.

அந்தத் தொழில்தான் இப்பெயரை இங்கேயும் கொண்டு வந்தது. 1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைப்பதற்கு முன்பே, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் கெடாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். துணியைக் கொண்டு வந்தார்கள், பாக்கை ஏற்றிச் சென்றார்கள். சிலர் இங்கேயே மணம் முடித்துத் தங்கினார்கள். 1801ல் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதர் முகைதீன் மெரிக்கனும் இப்பெயர் கொண்டவரே.

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. பாய்மரத் தொழில் நலிந்தது. இன்று மெரிக்கன் என்ற பெயருடையவர் வழக்கறிஞராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம், நாசி கண்டார் கடை வைத்திருக்கலாம். தொழில் போயிற்று, பல குடும்பங்களில் தமிழும் போயிற்று. பெயர் ஒன்றுதான் நிற்கிறது.

அதுவும் நிற்குமா என்பதே என் கேள்வி. நம் நாட்டில் முஸ்லிம்களின் பெயர், பிள்ளையின் பெயர், 'பின்' அல்லது 'பிந்தி', தந்தையின் பெயர் என்ற வரிசையில் பதிவாகிறது. குடும்பப் பெயர் கட்டாயமில்லை. பிறப்புப் பதிவின்போது, "எதற்கு இவ்வளவு நீளமான பெயர்?" என்று ஒரு தகப்பனார் விட்டுவிட்டால் போதும். இருநூறு ஆண்டுத் தொடர்ச்சி அந்த ஒரு பாரத்தில் முடிந்துவிடும்.

பெயரைக் காப்பாற்றச் சொல்வது பரம்பரைப் பெருமை பேசுவதற்காக அல்ல. கப்பல் வைத்திருந்தவர் உயர்ந்தவர், வலை வீசியவர் தாழ்ந்தவர் என்று சொல்வதற்கு இப்பெயர் பயன்படுமானால், அது அழிந்து போவதே மேல். தன் முன்னோர் என்ன வேலை செய்தார்கள், எந்தக் கரையிலிருந்து வந்தார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்ள அது ஒரு திறவுகோல். வீட்டிலே பொருள் சொல்லித் தராவிட்டால், பெயர் இருந்தும் அது பூட்டிய பெட்டிதான்.

எனவே, உங்கள் பெயரில் ஒரு தொழில் ஒளிந்திருந்தால், வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஏடு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.