அடுத்த மில்லியன் எப்போது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவசரம் இருக்கும். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

போஸ்ட்கிராசிங் என்று ஓர் அஞ்சலட்டைப் பொழுதுபோக்கு உண்டு. போர்த்துகல் நாட்டுக்காரர் பவுலோ மகல்யாயிஸ் 2005 ஜூலை 14-ஆம் நாள் அதைத் தொடங்கினார். அதில் சேர்ந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரி இணையம் வழி நமக்குக் கிடைக்கும். கூடவே ஓர் எண்ணும் வரும். எண்ணை அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை கிடைத்தவர் அந்த எண்ணைப் பதிவு செய்தால்தான் அது கணக்கில் ஏறும். பிறகு வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் நமக்கு அட்டை போடுவார்.

அடுத்த மில்லியன் அட்டை எந்த நாளில் பதிவாகும் என்று கணிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. பழைய கணக்கை வைத்து எங்கள் வகுப்பிலும் விளையாடினோம்.

முதல் மில்லியன் 2008 ஏப்ரலில் வந்தது. சுமார் 33 மாதம். "இரண்டாவது எப்போது?" என்றேன். பிள்ளைகள் இன்னொரு 33 மாதத்தைக் கூட்டி, "2011 ஜனவரி!" என்றார்கள். வந்ததோ 2009 பிப்ரவரியில், பத்தரை மாதந்தான். ஆள் கூடிப்போச்சு, வேகமும் கூடிப்போச்சு. "சரி, பத்தாவது?" எட்டைப் பத்தரையால் பெருக்கி, 84 மாதம், 2016 என்றார்கள். அதுவும் 2012 ஜனவரியிலேயே வந்துவிட்டது!

"அப்ப வேகம் கூடிக்கிட்டேதான் போகுமா சார்?" என்றான் ஒரு மாணவன். அவனை அழைத்துப் போக வந்திருந்த தகப்பனார் சிரித்தார். அவர் பால்மரம் வெட்டுபவர். "நேத்து எடுத்த பாலை வச்சி மாசக் கணக்கு போட்டுடலாம் சார். மழ பேஞ்சா?" என்றார்.

எவ்வளவு சரி! 2020-இல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன; பல நாடுகளுக்கு அஞ்சல் போகவில்லை. எந்தக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகவே பிள்ளைகளே, அண்மை மாதங்களின் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாணவன் ஓர் அட்டை அனுப்பியிருந்தான். தினமும் காலையில், "சார், போய்ச் சேந்துச்சா?" என்பான். அறுபது நாள் கடந்தும் பதிவாகவில்லை. அந்தச் சமயத்தில் வகுப்பு அலமாரியைத் துடைக்கும்போது, எங்களுக்கு வந்திருந்த ஓர் அட்டையை அவனே கண்டெடுத்தான். இரண்டு வாரமாக நான் பதிவு செய்யாமல் விட்டிருந்தேன். "சார், இத அனுப்புனவங்களும் என்னைப் போல காத்துக்கிட்டு இருப்பாங்களே?" என்று கேட்டான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே பதிவு செய்தோம். உலகக் கணக்கில் ஒன்று கூடிற்று.

அன்புடையீர், அனுப்பியவை மட்டும் மில்லியன் ஆவதில்லை. "கிடைத்தது" என்று ஒருவர் சொன்னால்தான் ஆகும். தூரத்தில் படிக்கும் பிள்ளை, ஊரிலிருக்கும் பாட்டி, யாரிடமிருந்து சேதி வந்தாலும் அன்றைக்கே ஒரு வரி பதில் போடுங்கள். அங்கே ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.

அவனுடைய அட்டை இன்னும் பதிவாகவில்லை. ஓர் ஆண்டு வரை காலம் இருக்கிறது. அவன் காத்திருக்கிறான், நானும்தான்.