செயலிக்குள் மறைந்திருக்கும் முதலாளி

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



டிஜிட்டல் பொருளாதாரம் கோடிக்கணக்கானோருக்கு வேலை வழங்கும் என்று ஆட்சியாளர்கள் ஓயாமல் கூறி வருகின்றனர். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையாகும். நாட்டில் கிக் தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் இது 2 கோடியே 35 லட்சமாக உயரும் என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. எண்ணிக்கை வளர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழிற்சங்க இயக்கம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவர்கள் யாருடைய தொழிலாளர்கள்?

நிறுவனங்கள் தரும் விடை, யாருடைய தொழிலாளர்களும் அல்லர் என்பதே. அவர்கள் 'கூட்டாளிகள்', விரும்பியபோது செயலியைத் திறந்து, விரும்பியபோது மூடும் சுதந்திர மனிதர்கள். இந்த ஒரு சொல்லின் துணையோடு குறைந்தபட்ச ஊதியம், வேலைநேர வரம்பு, விபத்து இழப்பீடு, பணிநீக்கப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் கைகழுவப்படுகின்றன.

வேலை பழையது

உணவைக் கொண்டு சேர்ப்பதும், பயணியை ஏற்றிச் செல்வதும், வீட்டுக்கு வந்து அழகுக்கலைப் பணி செய்வதும் டிஜிட்டல் யுகம் கண்டுபிடித்த வேலைகள் அல்ல. மாறியிருப்பது உழைப்பைக் கட்டுப்படுத்தும் முறை. இருசக்கர வண்டி, பெட்ரோல், கைப்பேசி, பழுதுபார்க்கும் செலவு அனைத்தும் தொழிலாளியின் பொறுப்பு. எந்த வேலை யாருக்கு, கட்டணம் எவ்வளவு, அதில் தொழிலாளிக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்யும் அதிகாரமோ நிறுவனத்திடம். அவ்வதிகாரம் அல்காரிதத்தின் வடிவில் செயல்படுகிறது. மதிப்பெண் குறைந்தால் வேலை குறையும். புகார் வந்தால் 'ஐடி பிளாக்' ஆகும். மேற்பார்வையாளர் முகம் தெரியாது. முறையிட மனிதரும் கிடைக்கமாட்டார்.

வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. எத்தனை வேலை முடித்தாரோ அத்தனைக்கே பணம். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் துண்டுக்கூலிக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, அது மேற்பார்வையின் தேவையைக் குறைத்து, தொழிலாளி தானே தன் வேலைநாளை நீட்டிக்கொள்ளும்படி செய்கிறது என்று விளக்கினார். ஊக்கத்தொகைக்கான இலக்கை எட்ட இரவு பதினொரு மணிக்கும் வண்டியோட்டும் இளைஞரை அங்கே இனங்காணலாம்.

வேலையின்மை பெருகிய நாட்டில் இம்முறைக்கு ஆள் பஞ்சமில்லை. கிராமத்தில் நிலம் போதவில்லை, ஆலையில் நிரந்தர வேலை இல்லை, படித்த படிப்புக்கு அழைப்பு வரவில்லை என்னும் நிலையில் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வரும் இளைஞர் முதலில் தட்டும் கதவு செயலிதான். புதியவர்கள் சேரச் சேர ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வேலை குறைகிறது. கூலி விகிதத்தைக் குறைப்பதும் எளிதாகிறது. 2023 ஏப்ரலில் தில்லி தலைநகர் வட்டாரத்தில் பிளிங்கிட் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது இதனால்தான். ஒரு விநியோகத்திற்கு 25 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாக்கப்பட்டு, எஞ்சியது தூரத்தைப் பொறுத்தது என்றானது.

அதற்கு முன்பே, 2021 அக்டோபரில், அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் குருகிராமில் அந்நிறுவனத்தின் அலுவலகத்தின் முன் திரண்டு, கமிஷன் பிடித்தத்தை எதிர்த்தனர். நிறுவனம் சில சலுகைகளை அறிவிக்க நேர்ந்தது. டிசம்பரில் அவர்கள் மீண்டும் போராடியபோது, நிறுவனம் நீதிமன்றத்தை நாடிப் போராட்டத்திற்குத் தடை கேட்டது. கூட்டாளிகள் என்று அழைத்தவர்கள் மீதே வழக்கு! உறவின் உண்மையான பெயர் அன்று வெளிப்பட்டது.

வாதமும் பழையது

'விரும்பியபோது வரலாம், போகலாம். ஆகவே தொழிலாளி அல்ல' என்னும் வாதம் செயலியோடு பிறந்ததன்று. பீடி முதலாளிகள் இதையே சொன்னார்கள். நாக்பூர் பீடி ஆலை ஒன்றைப் பற்றிய பிர்திசந்த் சர்மா வழக்கில் (1961), தொழிலாளர்கள் தாம் விரும்பிய நேரத்தில் வந்து போகின்றனர், சுற்றிய பீடிக்கேற்பவே கூலி பெறுகின்றனர் என்று வாதிடப்பட்டது. உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தரம் குறைந்த பீடியை நிராகரிக்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது. கட்டுப்பாட்டிற்கு அது சான்று. எனவே அவர்கள் தொழிலாளர்களே என்றது.

1973இல் சில்வர் ஜூபிலி தையலக வழக்கு வந்தது. அங்குள்ள தையற்காரர்கள் துண்டுக்கூலி பெற்றனர். சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். வேறு கடைகளுக்கும் தைக்கத் தடையில்லை. இவை எவையும் அவர்கள் ஊழியர்கள் என்பதை மறுக்கப் போதுமானவை அல்ல என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ஒருவர் இரண்டு செயலிகளில் வேலை செய்கிறார் என்பதையே அவர் தொழிலாளி அல்ல என்பதற்குச் சான்றாக்குவோர் இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

தீர்ப்புகள் மட்டும் போதவில்லை. இடைத்தரகரை நடுவில் நிறுத்தி, வீட்டில் பீடி சுற்றுவோரைத் தம் கணக்கிலிருந்து முதலாளிகள் நீக்கினர். பல்லாண்டுப் போராட்டத்தின் பின் வந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் பெற்று வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாக அங்கீகரித்தது. அதைக் கேரளம் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, 1968இல் பீடி முதலாளிகள் கண்ணூரில் தொழிலை மூடினர். வேலையிழந்தோருக்காக 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு உருவானது.

கட்டுப்பாடு விதித்தால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்று இன்றும் அச்சுறுத்துகின்றனர். பீடியை மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாம். குருகிராமில் பசித்தவருக்கான உணவைக் குருகிராமில்தான் கொண்டு சேர்க்க வேண்டும். இங்கே பேரம் பேசும் ஆற்றல் தொழிலாளருக்கு அன்றைவிடக் கூடுதலாகவே உள்ளது.

நலநிதி போதுமா?

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளரை முதன்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை நலநிதிக்குத் தர வேண்டும். ஆனால் அது தொழிலாளருக்கு வழங்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதைவிட முக்கியமானது சட்டம் தரும் வரையறை: மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வருவாய் ஈட்டுபவரே கிக் தொழிலாளி! ஒரு கையால் நலநிதியைக் கொடுத்து, மறுகையால் உறவையே மறுக்கிறது சட்டம். ஊதியம், தொழில் உறவு, பணியிடப் பாதுகாப்பு பற்றிய ஏனைய மூன்று தொகுப்புகளில் இவர்களுக்கு இடமில்லை.

மாநிலங்களில் ராஜஸ்தான் 2023இல் முதல் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு அதே ஆண்டு நலவாரியம் அமைத்தது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் வேண்டும் என்கிறது. இவை போராடிப் பெற்ற முன்னேற்றங்கள், பாதுகாக்க வேண்டியவை. எனினும் நலவாரியம் விபத்துக்குப் பின் உதவும். விபத்துக்கு இட்டுச்செல்லும் அவசரத்தையும் கூலிக் குறைப்பையும் அது தடுக்காது. பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என ஏற்றது. செயலியைத் திறந்து பயணத்திற்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலைநேரமே என்றது. இங்கு எட்ட வேண்டிய இலக்கு அதுவே.

இயக்கத்தின் முன் உள்ள பணி

ஆலை வாயில் இல்லாத தொழிலாளரை எங்கே சந்திப்பது என்று சில தோழர்கள் தயங்குகின்றனர். வீடுவீடாகச் சிதறிக் கிடந்த பீடித் தொழிலாளரை இதே இயக்கம்தான் திரட்டியது. உணவகத்தின் வெளியே, விநியோகக் கிடங்கின் வாயிலில், ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் அவர்கள் கூடியே நிற்கின்றனர். 'ஐடி பிளாக்' ஆன ஒருவருக்காக நிறுவனத்திடம் முறையிடுவதும், விபத்துற்றவரோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்திற்கும் செல்வதும் சங்கத்தின் முதற்படியாகலாம். குறைந்தபட்சக் கூலி, காத்திருப்பு நேரத்திற்கு ஊதியம், காரணமற்ற முடக்கத்திற்குத் தடை, அல்காரிதத்தின் விதிகளை அறியும் உரிமை ஆகிய கோரிக்கைகளின் அடித்தளம் ஒன்றே: அவர்கள் தொழிலாளர்கள்.

கட்சி உறுப்பினர்களின் வீட்டுக் கதவையும் அவர்கள் தட்டுகின்றனர். தாமதத்திற்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் விரல், அறியாமலேயே மேற்பார்வையாளரின் வேலையைச் செய்கிறது. அந்த வாசலில் அவரைத் தோழராக நடத்துவதிலிருந்தும் சங்கப் பணி தொடங்கலாம்.